பழைய போர்விமானங்கள் பறக்க வேண்டுமா?

2018ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி, டில்லியை அடுத்த ஹிண்டன் விமானதளத்தில், எழுபது பிராயத்தைக் கடந்த ஒரு டகோட்டா விமானம் இந்திய விமானப்படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்டுக் கிடந்த அதனை, அப்போது பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ராஜீவ் சந்திரசேகர் விலைக்கு வாங்கி, பிரிட்டனில் செப்பனிடுவித்து, டகோட்டா விமானியாகப் பணியாற்றிய தம் தந்தையார் ஏர் கமடோர் எம். கே. சந்திரசேகரின் கௌரவார்த்தமாக விமானப்படைக்கு நன்கொடை அளித்தார். கேரள நிலத்தைக் கடலிலிருந்து மீட்டவர் என்று ஐதிகம் கூறும் பரசுராமரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1947 அக்டோபர் 27ஆம் தேதி ஸ்ரீநகரில் துருப்புகளைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண்ணாகிய வி.பி. 905 அதன் வாலில் எழுதப்பட்டது. கப்பலில் ஏற்றியோ, பகுதி பகுதியாகக் கழற்றியோ கொண்டுவரப்படாமல், இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் ஊர் ஊராகத் தங்கித் தானே பறந்து கடந்து, ஏப்ரல் 25ஆம் தேதி அது ஜாம்நகரில் வந்து இறங்கியது.

விமானப்படையின் புராதன விமானப் பிரிவு 1988இல் பாலம் தளத்தில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம்மவர்கள் பறக்கப் பயின்ற டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கை விமானமும், அதற்கு அடுத்த படியிலிருந்த ஹார்வர்ட் பயிற்சி விமானமும் பரசுராமாவுக்கு முன்பே அப்பிரிவில் இடம்பெற்றிருந்தன. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, விமானப்படையின் எண்பதாம் ஆண்டு நிறைவு நாளில், டைகர் மாத் ஹிண்டன் வானில் மீண்டும் பறந்தபோது பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆயினும், அருமையான இத்தகைய யந்திரங்களை ஆகாயத்தில் ஏற்றிவிடுவது விவேகமா, கண்காட்சிச் சாலையில் கூரைக்கடியில் வைத்துக் காப்பதே தகுமா என்ற கேள்வி அந்த மகிழ்ச்சியோடு கூடவே பிறக்கிறது. பறக்கும்போது விழுந்தால் விமானம் மட்டுமன்று, அதிலுள்ளோரும் சில சமயம் கீழுள்ளோரும் மாண்டுபோகிறார்கள். பறக்காமலே வைத்தாலோ, அதனைப் பறக்கவைக்கும் வித்தை மாண்டுபோகிறது. இந்த இரண்டு நஷ்டங்களையும் எடைபோடுவதற்கு, முதிய விமானம் ஒன்றில் உண்மையில் முதிர்வது எது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தின் உலோகத்துக்கு வயது ஆண்டுகளால் மட்டும் ஏறுவதில்லை. ஒவ்வொரு முறை தரையைவிட்டு எழும்போதும் இறக்கைகள் உடலின் பாரத்தைத் தாங்கி மேல்நோக்கி வளைகின்றன, இறங்கியதும் தளர்கின்றன, வழியில் காற்றின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிறிதளவு வளைந்து நிமிர்கின்றன. ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசையும், ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால், ரிவெட் துளையின் ஓரத்திலோ கூர்மையான மூலையிலோ கண்ணுக்குப் புலப்படாத விரிசலை உண்டாக்கி, அதனைச் சிறிது சிறிதாக வளர்த்து, ஒருநாள் திடீரென்று முறித்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். உருக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட விசையை அது எத்தனை முறையும் தாங்கும். விமானங்களுக்குரிய அலுமினியக் கலவைகளுக்கு அத்தகைய பாதுகாப்பான எல்லை கிடையாது. விசை சிறிதானால் சோர்வு தாமதமாக வரும், அவ்வளவே. 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியபோது, முழு விமான உடலொன்றையே நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்ததன் பயனாகவே இந்த உண்மை உலகுக்குப் பிரத்தியட்சமாயிற்று.

டகோட்டா இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 1935 டிசம்பர் 17ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த, டகோட்டாவின் மூலமாகிய டி.சி.-3இன் வமிசத்தில், போர்க்காலத் தேவைக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. உலோகச் சோர்வைக் கணக்கிடும் சாஸ்திரம் வளராத அக்காலத்தில், எஞ்சினியர்கள் அறியாமையை ஈடுகட்டப் பலத்தை அதிகமாகவே சேர்த்தார்கள். இறக்கையின் சுமையை ஒரே சட்டத்தில் ஏற்றாமல் பல சட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். காமெட்டைப்போல் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய கூடாக அது இல்லாததால், ஏறி இறங்கும்தோறும் உடற்கூடு விம்மித் தளரும் தொல்லையும் இல்லை. விரிசல் தோன்றினாலும் பக்கத்துச் சட்டம் தாங்கிக்கொள்ளும். அதற்குள் மீயொலிச் சோதனையாலும், விரிசலில் ஊறிக் கோடு காட்டும் சாயச் சோதனையாலும் குறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பறக்கத் தகுந்த முதிய விமானம் எது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது: நிதானமான சுமையோடு பறப்பதும், ஏராளமாகக் கட்டப்பட்டதால் உதிரிப்பாகமும் அனுபவமும் கிடைக்கக்கூடியதுமான விமானம் அதற்கு ஏற்றது, கடும் விசைகளுக்காகவே மெலிதாய்க் கட்டப்பட்டு, உலகில் ஒன்றிரண்டே எஞ்சிய விமானம் ஏற்றதன்று.

மரத்தாலான விமானங்களின் ரோகம் வேறு. மரம் உலோகத்தைப்போல் எளிதில் சோர்வதில்லை. ஈரத்துக்கும் ஒட்டுப்பசையின் தளர்ச்சிக்கும் அது இரையாகிறது. இதனை மிகக் கடுமையாகக் கற்பித்த இடம் நம் நாடே. 1944இல் இங்கே கொண்டுவரப்பட்ட மாஸ்கிட்டோ என்னும் வேகமான மரவிமானங்களுள் சில, வானிலேயே கட்டமைப்புச் சிதைந்து விழுந்தன. ஆராய்ந்தபோது இறக்கையின் ஒட்டுகளில் குறைபாடு காணப்பட்டதால் அவற்றின் பறத்தல் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. டைகர் மாத்தின் உடற்சட்டம் உருக்குக் குழாயாலானது என்றாலும், அதன் இறக்கைகள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தவை. ஐரோப்பியக் குளிர்நாட்டில் ஒரு தலைமுறை தாங்கும் ஒட்டு, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எஞ்சினின் விஷயத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு: ஓடுவது மட்டுமல்ல, ஓடாமல் நிற்பதும் அதனைக் கெடுக்கிறது. டகோட்டாவின் 1,200 குதிரைத்திறன் கொண்ட ஒவ்வோர் எஞ்சினிலும் பதினான்கு சிலிண்டர்கள் இரண்டு வட்டமாக அமைந்திருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும்போது மசகெண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்குகிறது; திரவம் அமுங்காதாகையால், அப்படியே எஞ்சினை முடுக்கினால் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். அதனாலேயே முடுக்குவதற்குமுன் மெக்கானிக்குகள் சுழல்விசிறியைக் கையால் சில சுற்றுத் தள்ளிப் பார்க்கிறார்கள். நெடுநாள் சும்மா கிடந்தால் சிலிண்டரின் உட்சுவரில் துரு ஏறும். ரப்பர் அடைப்பான்கள் காய்ந்து வெடிக்கும். எரிபொருளும் எளிதில் கிடைப்பதன்று. இந்த எஞ்சின்கள், அமுக்கத்தில் அகாலமாகத் தீப்பற்றி வெடிக்காதபடி ஈயச்சேர்மம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை வேண்டுகின்றன. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருள் இவற்றுக்கு உதவாது. அயல்நாட்டிலிருந்தே வரவழைக்கப்பட்டுவந்த அந்தப் பெட்ரோலை, 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டில் தயாரித்து, அதே ஹிண்டன் தளத்தில் அறிமுகம் செய்தது.

இதுகாறும் சொன்னவை யந்திரத்துக்குள் இருக்கும் அபாயங்கள். வெளியே, காற்றிலிருந்து வரும் அபாயத்தை விளங்கிக்கொள்ள, தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையான அஞ்சுநாட்டுக் காந்தலூரைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. வடக்கே சமவெளியில், யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைச் செப்பனிட்டதும் பின்னாளில் தேஜஸ் போர்விமானப் படைப்பிரிவுகளைக் கொண்டதுமான சூலூர்த் தளம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு டைகர் மாத் புறப்பட்டு, உடுமலைப்பேட்டையைக் கடந்து, சின்னாற்றுக் காடுகளின்மேல் ஏறிக் காந்தலூரின் படிக்கட்டு வயல்களை நெருங்குவதாகக் கற்பனை செய்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள இவ்வூரில், இருபத்தைந்து டிகிரி வெப்பமுள்ள ஒரு நண்பகலில், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான் இருக்கும். டைகர் மாத்தின் 130 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மூச்சுக் காற்றும் அந்த அளவே கிடைப்பதால் திறன் நூறளவுக்கு இறங்கிவிடும். சமமட்டத்தில் பறப்பதற்கே பெரும்பகுதி திறன் செலவாகிவிட, மிச்சத்தைக் கொண்டே மேலே ஏற வேண்டியிருப்பதால், கடல்மட்டத்தில் வினாடிக்கு மூன்றரை மீட்டராக இருந்த ஏறும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோகும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மெலிந்த காற்றில் அதே தூக்குவிசையைப் பெற விமானம் உண்மையில் பன்னிரண்டு சதவீதம் அதிக வேகமாகச் செல்ல வேண்டும். ஆனால் விமானியின் முன்னுள்ள வேகமானி பழைய எண்ணையே காட்டும். திரும்பும் வட்டத்தின் ஆரை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அதே சாய்வில் திரும்பினாலும் வட்டம் நாலில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். சமவெளியில் பழகிய கண்ணுக்குப் பள்ளத்தாக்கில் திரும்ப இடமிருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இராது. இதற்குமேல், தென்மேற்குப் பருவக்காற்று 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் முகட்டைத் தாண்டி காந்தலூரை அடுத்த மறையூர்ப் பள்ளத்தாக்கின் பக்கம் சரிந்து இறங்குகிறது. இப்பிரதேசத்தை மழைமறைவு நிலமாக்கி, சந்தனக்காட்டை வளர்க்கும் அதே இறங்கு காற்று, வினாடிக்கு இரண்டு மீட்டர்கூட ஏறமாட்டாத விமானத்தை எளிதில் கீழே அமுக்கிவிடும். இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரம் ஓடுதளத்தில், நவீன இலகு விமானம் ஒன்றுக்கே சில முயற்சிகள் பலிக்காமற்போய், 2022 டிசம்பர் 1ஆம் தேதிதான் இறங்க முடிந்தது என்பதை நினைத்தால், எண்பதாண்டுப் பழமை வாய்ந்த எஞ்சினின் நிலை சொல்லாமலே விளங்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. சுவிட்சர்லாந்தின் விமானப்படையில் 1939 முதல் பல பதிற்றாண்டுகள் தொண்டுபுரிந்து, பிறகு பயணிகளை உல்லாசப் பறத்தலுக்கு ஏற்றிச்சென்ற யுங்கர்ஸ் 52 விமானம் ஒன்று, 2018 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெப்பமான ஒரு மாலையில் ஆல்ப்ஸ் மலையின் பீட்ஸ் செக்னாஸ் சிகரத்தருகே விழுந்து, அதிலிருந்த இருபது பேரும் மாண்டார்கள். குறுகிய மலைக்கிண்ணத்துள் போதிய உயரமும் தப்பும் வழியும் இல்லாமல் விமானிகள் நுழைந்ததே காரணம் என்று விசாரணையாளர் கண்டார்கள். சிதைவுகளில் துருவும் சோர்வு விரிசல்களும் காணப்பட்டன; ஆனால் விபத்தை விளைத்தவை அவை அல்ல. முதிய உலோகத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்த இடத்தில், குற்றம் அனுபவம் மிக்க மனிதரின் தைரியத்தில் இருந்தது.

வான்சாகசக் காட்சிகளிலும் இதுவே நடக்கிறது. 2015 ஆகஸ்ட் 22ஆம் தேதி இங்கிலாந்தின் ஷோரம் விமானக்காட்சியில், 1957 முதல் நம் விமானப்படையிலும் நெடுங்காலம் இருந்த ஹன்டர் வகை ஜெட் ஒன்று செங்குத்து வட்டம் அடிக்க முயன்றது. வட்டத்தின் உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் இருந்தால்தான் தலைகீழாக இறங்கி நிமிர இடமிருக்கும். அது எட்டியதோ ஏறக்குறைய 2,700 அடியே. விமானி உயிர்தப்பினார், கீழே நெடுஞ்சாலையில் இருந்த பதினொருவர் மாண்டார்கள். அவர்களுள் எவரும் புராதன விமானத்தில் ஏற இசைந்தவர்கள் அல்லர் என்பது இங்கே முக்கியமான தர்மப் பிரச்சினை. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று வாதிக்கலாம். சாலையில் செல்பவரின் உயிரை வைக்க எவருக்கும் உரிமை இல்லை. அதன்பின் பிரிட்டிஷ் அதிகாரிகள் இத்தகைய பழைய ஜெட் விமானங்கள் தரைமீது சாகசம் செய்வதற்குத் தடைவிதித்து, நேராகக் கடந்துசெல்ல மட்டும் அனுமதித்தார்கள். 2022 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டல்லாஸில் பி-17 குண்டுவீச்சு விமானமும் கிங்கோப்ரா போர்விமானமும் மோதி அறுவர் இறந்ததற்கும், வெவ்வேறு உயரங்களில் விமானங்களைப் பிரித்து நிறுத்தும் திட்டம் இல்லாமையையே விசாரணை சுட்டியது.

இவ்வளவு கேட்டபின், பறப்பதனால் விளையும் பிரயோஜனம் என்ன என்று கேட்பது நியாயமே. தியாகத்தின் நினைவு, இளைஞருக்கு உற்சாகம் முதலியவற்றை நான் மறுக்கவில்லை; ஆனால் அவற்றைத் திரைப்படமும் சிலையும்கூட ஓரளவு தந்துவிடும். வேறெதனாலும் தர முடியாதது கைவழி அறிவு. மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலையில் பாகு எந்தக் கணத்தில் இறக்கப்பட வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் கற்பிப்பதில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று பல பருவம் காய்ச்சியவனுக்கே பதம் தெரிகிறது. அதுபோல, எஞ்சினின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காந்தமின்னாக்கியின் முனைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது, துணியை எவ்வளவு இறுக்கிப் போர்த்துவது, வால்சக்கர விமானம் ஓடுதளத்தில் பக்கவாட்டில் சுழல முற்படும்போது காலால் எப்போது தடுப்பது என்பனவெல்லாம், கையேட்டில் எழுத்தாக இருந்தாலும், செய்து பழகியவரிடமே உயிரோடிருக்கின்றன. 1948 மே 24ஆம் தேதி, வழிகாட்டும் கருவிகள் இல்லாமல், ஏறக்குறைய 3,300 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரின் தற்காலிக ஓடுதளத்தில் ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை இறக்கினார். அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அதே எஞ்சின் மெலிந்த காற்றில் திணறுவதைக் கேட்ட விமானி ஒருவரால்தான் முழுமையாக விளக்க முடியும்.

இந்தக் கைவழி அறிவின் பெருமையை நம் நாட்டுச் சரித்திரம் ஒன்றே நிரூபித்துவிடும். யுத்தம் முடிந்ததும் கான்பூரில் விட்டுச்செல்லப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், மீண்டும் பறக்காதபடி வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டிருந்தன. 1948இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையார் ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் பூட்டி, பெங்களூர்வரை பறக்கும் அளவுக்கு அவற்றைத் தேற்றினார்கள். விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிச் சென்றார். பெங்களூரில் முழுதும் புதுப்பிக்கப்பட்ட அவை 1968வரை விமானப்படையில் ஊழியம் செய்தன. உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் இங்கிருந்து போனவையே. அவற்றுள் ஒன்றை அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கி, 1989இல் மீண்டும் பறக்கவிட்டது.

அதே அறக்கட்டளை கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிவந்த மற்றொரு விமானமே ‘நைன் ஓ நைன்’ என்னும் பி-17. 2019 அக்டோபர் 2ஆம் தேதி கனெக்டிகட் மாகாணத்தின் பிராட்லி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட சில நிமிஷங்களில், நான்காம் எஞ்சின் திறன் இழந்து நிறுத்தப்பட, மூன்றாம் எஞ்சினும் தளர, திரும்பி இறங்க முயன்ற விமானம் ஓடுதளத்தை எட்டாமல் விழுந்து எழுவர் இறந்தார்கள். வேகத்தை விமானி சரியாக நிர்வகிக்கவில்லை என்று விசாரணை முடிவு கூறியது; அதனோடு, காந்தமின்னாக்கிகளிலும் தீப்பொறிச் செருகிகளிலும் கவனிக்கப்படாத கோளாறுகள் இருந்ததையும், பராமரிப்புக்குப் பொறுப்பாளரும் அதே விமானியே என்பதையும் எடுத்துக்காட்டியது. ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் சோதித்துப் பார்க்கும் ஒழுங்கு அங்கே தேய்ந்துபோயிருந்தது. பயணிகளை ஏற்ற அவர்களுக்கிருந்த அனுமதி 2020 மார்ச்சில் ரத்துசெய்யப்பட்டது.

கான்பூரையும் கனெக்டிகட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. பறப்பதால் வளரும் அறிவே பறப்பதைப் பத்திரமாக்குவதும் ஆகும். ஆதலால் பிரயோஜனமும் பாதுகாப்பும் ஒன்றாகவே வளர்ந்து ஒன்றாகவே தேய்கின்றன. அறிவு தேய்ந்தபின்னும் பறத்தல் தொடர்ந்தால் அபாயம் மட்டும் மிஞ்சும். இதனை உணர்ந்து நடந்ததற்கு உதாரணம் பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம். எக்ஸ்.எச். 558 என்ற எண்ணுடைய அது மக்களின் நன்கொடையால் பறந்துவந்தது. அதன் நுட்பங்களை அறிந்த எஞ்சினியர்கள் ஓய்வுபெற்றுக் குறைந்துபோனதால், இனிப் பொறுப்பேற்க இயலாது என்று உற்பத்தியாளர்கள் கைவிரித்தபோது, பறக்கும் நிலையிலிருந்த விமானத்தையே 2015 அக்டோபரில் நிரந்தரமாக இறக்கிவிட்டார்கள்.

ஆகவே, உலகில் ஒன்றே எஞ்சியுள்ள விமானம் பறக்க வேண்டாம். பல இருப்பவற்றுள் உறுதியானது பறக்கட்டும். பறப்பது, 2021 குடியரசு தின அணிவகுப்பில் இரண்டு ஹெலிகாப்டர்களுக்கிடையே டகோட்டா பறந்ததுபோல், நேர்கோட்டில், மிதவேகத்தில் இருக்கட்டும்; பாதையோ ஜனங்களின் தலைக்கு மேலல்லாததாக இருக்கட்டும். கட்டணப் பயணிகளை ஏற்றுவதாயின், இன்றைய பயணி விமானங்களுக்குரிய மேற்பார்வை முழுதும் இவற்றுக்கும் வேண்டும். இவற்றையெல்லாம்விட அவசியமானது பட்டறையில் இரண்டு தலைமுறையினர் ஒருசேர இருப்பது. தாம்பரம் போன்ற இடங்களிலுள்ள விமானப்படைப் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து வரும் இளைஞர் சிலரை, ஜெட் யுகத்தின் வேலைகளிலிருந்து விலக்கி, பல ஆண்டுகள் ஒரே பழைய எஞ்சினோடு பழகவிடுவது நிர்வாகக் கண்ணுக்கு வீண்செலவாகத் தோன்றலாம். பெட்ரோலும் உதிரிப்பாகமும் அதன்முன் சொற்பமே. அந்தச் செலவை மனமுவந்து ஏற்கிற நாடு தன் பழைய விமானங்களைத் தாராளமாகப் பறக்கவிடலாம்; ஏற்க மனமில்லாத நாடு அவற்றை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைப்பதே நேர்மை.